அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது? ஒரே காட்சி, ஐந்து முடிவுகள்

நாவல் எழுதுகிறவர்கள் முதல் வரிக்காக நாள்கணக்கில் மெனக்கெடுவார்கள். கடைசி அத்தியாயத்துக்கும் அப்படியே. நடுவில் வரும் முப்பது, நாற்பது அத்தியாய முடிவுகள் மட்டும் பெரும்பாலும் தற்செயலாக விழுந்துவிடுகின்றன. காட்சி தீர்ந்தது, பாத்திரம் படுக்கப் போனது, அத்தியாயம் முடிந்தது. ஆனால் படிக்கிறவர் புத்தகத்தைக் கீழே வைப்பது அந்த இடங்களில்தான். மறுபடி எடுப்பாரா என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

அத்தியாயத்தை முடிக்க வழிகள் ஏராளம். நடைமுறையில் திரும்பத் திரும்பக் கைக்கு வருபவை ஐந்து: பரபரப்பின் நடுவே அறுப்பது, புதிய தகவலைப் போட்டு நிறுத்துவது, பாத்திரம் ஒரு முடிவெடுக்கும் கணத்தில் நிறுத்துவது, காட்சியை முழுசாகத் தீர்த்து மூடுவது, ஒரு படிமத்தில் விட்டுவிடுவது. இவற்றில் எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு குறிப்பிட்ட காட்சியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் உண்டு. எனவே ஒன்றை வைத்துக்கொள்வோம்.

அப்பா இறந்து சில வாரங்கள் ஆகின்றன. இரண்டு பெண்களும் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. தங்கை பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். வீட்டை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு காலையிலிருந்து இழுபடுகிறது. அலமாரியின் அடித்தட்டில், மருந்துச் சீட்டுகளுக்குக் கீழே, ஒட்டிய உறை ஒன்று அக்காவின் கையில் தட்டுப்படுகிறது. மேலே அப்பாவின் கையெழுத்தில் தங்கையின் பெயர். தங்கை பக்கத்து அறையில் இருக்கிறாள். கதை அக்காவின் பார்வையில் போய்க்கொண்டிருக்கிறது. அத்தியாயம் இன்னும் சில வரிகளில் முடிய வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சஸ்பென்ஸ் வைத்து அறுப்பதுதான்.

“அக்கா உறையைக் கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். முதல் வரியைப் படித்ததும் அவள் கை நடுங்கியது. அதே நேரம், பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது...”

இந்த வகை முடிவுக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹ்ரசாத் உயிர் பிழைப்பதே விடியும் நேரத்தில் கதையைப் பாதியில் நிறுத்தித்தான். தமிழ் நாவல் வளர்ந்ததும் பெருமளவு இதழ்களின் பக்கங்களில்தான். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893-லிருந்து 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்தது. ஒரு வாரம் காத்திருந்து அடுத்த இதழைத் தேடிப் போக வேண்டிய வாசகரைப் பிடித்து வைக்க, ‘தொடரும்’ என்று போடுவதற்கு முன்னால் ஒரு முடிச்சு தேவைப்பட்டது. காத்திருப்பு போய்விட்டது, கைப்பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. முழுப் புத்தகமாகப் படிக்கிறவருக்கு அடுத்த அத்தியாயம் ஒரு பக்கத் திருப்பலில் இருக்கிறது. முடிச்சு எவ்வளவு லேசாக அவிழ்கிறது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு வாரத்து மறதி எழுத்தாளருக்குத் துணை நிற்காது.

அதற்காக இந்த முறையைத் தள்ளிவிட முடியாது. நன்றாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு தாமஸ் ஹார்டி 1872-73-இல் மாத இதழில் தொடராக எழுதிய ‘எ பேர் ஆஃப் ப்ளூ ஐஸ்’ நாவலைப் பார்க்க வேண்டும். அதில் நாயகன் கடலோரச் செங்குத்துப் பாறையில் தொங்குகிறான். அடுத்து வரும் அத்தியாயம் அவனை அவசரமாக மேலே தூக்கிவிடுவதில்லை. தொங்குகிறவனின் முகத்துக்கு நேரே பாறையில் பதிந்த ஒரு ட்ரைலோபைட்டின், எப்போதோ அழிந்துபோன ஒரு கடலுயிரியின், புதைபடிவம் தெரிகிறது. கல்லாகிப்போன அதன் கண்கள் அவனைப் பார்க்கின்றன. அவனுக்கும் அதற்கும் இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள். பிறகு அவனைக் காப்பாற்றுவது நாயகி, தன் உள்ளாடைகளைக் கிழித்துக் கயிறாக முறுக்கி. அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழையபடி பார்த்துக்கொள்ள முடியாது. அறுத்த இடத்தில் வாங்கிய கடனை ஹார்டி வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார். பிழைப்பானா என்ற கேள்வியோடு வந்தவருக்கு, கேட்காத இரண்டு விஷயங்களும் சேர்ந்து கிடைக்கின்றன.

நம் உறைக் காட்சியின் முடிவில் அப்படிப்பட்ட கையிருப்பு எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய கோளாறும் உண்டு. கதை அக்காவின் பார்வையில் நடக்கிறது. அவள் முதல் வரியைப் படித்துவிட்டாள், நமக்கு மட்டும் காட்டவில்லை. அதுவரை அவள் கண்ணால் பார்த்து வந்த வாசகரின் கண்ணை எழுத்தாளர் கையால் பொத்துகிறார். வாசகருக்கு இது சொல்லத் தெரியாவிட்டாலும் உறைக்கும். பாத்திரத்துக்கே தெரியாததை மறைப்பது நியாயம், பாத்திரம் பார்த்ததை மறைப்பது நியாயமில்லை. போதாததற்கு கதவுச் சத்தம் வேறு. இரண்டு பரபரப்புகளை ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். கடிதத்தை நினைப்பதா, கதவை நினைப்பதா? அடுத்த அத்தியாயத்தில் கதவைத் திறந்தது காற்றுதான் என்று வந்தால் அந்த எழுத்தாளரின் அடுத்த கதவை யாரும் நம்ப மாட்டார்கள்.

முடியாத வேலைதான் மனதில் நிற்கும் என்று உளவியலாளர் ப்ளூமா ஜெய்கார்னிக் 1927-இல் வெளியிட்ட ஆய்வை இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. பின்னால் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே விடை வரவில்லை. சரியென்றே வைத்துக்கொண்டாலும், நினைவில் நிற்பது வேறு, அக்கறைப்படுவது வேறு. அக்காவின் மேல் வாசகருக்கு அக்கறை வந்திருந்தால் அந்த உறை ஒன்றே போதும். வராவிட்டால் கதவுச் சத்தம் கைகொடுக்காது.

இரண்டாவது வழி, புதிய தகவல்.

“உறையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தேதி போட்டிருந்தது. போன மாதம் எட்டாம் தேதி. அன்றைக்கு அப்பாவால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை.”

முந்தையதைவிட இது எனக்கு எவ்வளவோ மேலாகப் படுகிறது. அக்கா பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். யாரும் நடுங்கவில்லை, யாரும் அதிரவில்லை, ஒரு தேதியும் ஒரு ஸ்பூனும் மட்டும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் வேலை வாசகருடையது. தானே கண்டுபிடித்ததை வாசகர் எளிதில் விடமாட்டார்.

ஆனால் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். இந்த நான்கு வரிகளோடு நாவலின் திசையே மாறிவிடுகிறது. கடிதத்தை எழுதியது யார்? அப்பாவின் கையெழுத்தைப் போடத் தெரிந்தவர் யார்? இனி நூறு பக்கத்துக்கு வாசகர் துப்பறிவார். கதை துப்பறிவதைப் பற்றியது என்றால் இதைவிடச் சிறந்த முடிவு கிடையாது. இரண்டு சகோதரிகளுக்கு இடையே உடைந்துபோன ஒன்றைப் பற்றியது என்றால், இந்தத் தகவல் அவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். திருப்பம் நன்றாக அமைந்துவிட்டதே என்ற ஆசையில் அதை வைத்துக்கொண்டு, தான் எழுத வந்த கதையை விட்டுவிட்ட நாவல்கள் நிறைய. திருப்பத்தைப் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதற்குப் பிறகும் இது அதே கதையாக இருக்குமா என்பதுதான்.

மூன்றாவது, நான் இந்தக் காட்சிக்குத் தேர்ந்தெடுக்கக்கூடியது.

“பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. ‘அங்க ஏதாவது இருக்காக்கா?’
‘எல்லாம் பழைய மருந்துச் சீட்டு.’
உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, அக்கா அடுத்த தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.”

ஆபத்து எதுவும் இல்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது அக்காவுக்கே தெரியாது, எனவே நம்மிடமும் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அத்தியாயம் தொடங்கும்போது இருந்த அக்கா இப்போது இல்லை. காலையில் அவள் நியாயம் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது பொய் சொன்னவள். அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கே கடிதத்தைக் கொடுத்தாலும் “நேற்று ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி கூடவே வரும். வாசகருக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரியாது. இனி அவர்கள் சேர்ந்து டீ குடிக்கும் சாதாரணக் காட்சியில்கூட வாசகரின் கண் அக்காவின் இடுப்புக்குப் போகும். ஒரே ஒரு பொய்யால் அடுத்த பல அத்தியாயங்களுக்குச் சூடு ஏறியிருக்கிறது.

இந்த வகை முடிவு வேலை செய்வதற்கு நிபந்தனை உண்டு. முடிவு செயலாக வெளிப்பட வேண்டும், அந்தச் செயலுக்கு ஒரு நஷ்டம் இருக்க வேண்டும். “இதை இப்போது தங்கையிடம் சொல்லக்கூடாது என்று அக்கா தீர்மானித்தாள்” என்று எழுதினால் தகவல் அதேதான், காட்சி செத்துவிடும். மனதுக்குள் எடுத்த தீர்மானத்தை மனதுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம், வாசகருக்கும் அது தெரியும். வாயைத் திறந்து சொன்ன பொய் அப்படியல்ல. துடைக்க ஆரம்பித்தாள் என்று நிறுத்தியதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவள் முகம் எப்படி இருந்தது, மனசாட்சி என்ன சொன்னது என்று அதற்குப் பின் ஒரு வரி சேர்த்திருந்தால், வாசகர் அக்காவைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவை எழுத்தாளர் எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

முழுசாகத் தீர்த்து மூடுவதைப் பற்றி இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. அக்கா உறையைத் தங்கையிடம் கொடுக்கிறாள், இருவரும் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், “வீட்ட விக்க வேணாங்க்கா” என்று தங்கை சொல்கிறாள். அவ்வளவுதான். இப்படி முடித்தால் வாசகர் போய்விடுவாரே என்பது அந்தப் பயம். போகமாட்டார், வேறு எங்காவது ஒரு இழை திறந்திருந்தால். நீண்ட பதற்றத்துக்குப் பிறகு, பாகம் மாறும் இடத்தில், அல்லது கதை பல வருடங்களைத் தாண்டப் போகும் இடத்தில் இந்த மூடல் அவசியம்கூட. மூச்சுவிட இடமே தராத நாவல் வாசகரைக் களைப்பாக்கி அனுப்பிவிடும். நம் காட்சிக்கு இது பொருந்தாததற்குக் காரணம் வேறு: பல வருடப் பிணக்கு ஒரு கடிதத்தோடு ஒரே மதியத்தில் தீர்ந்தால், இத்தனை வருடம் பேசாமல் இருந்தது பொய்யாகிவிடும்.

ஐந்தாவது, படிமம். “உறை இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை. மரத்தின் பழைய நிறம் நாற்கோணமாகத் தெரிந்தது.” அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உறையை வாசகர் பார்த்து ஒரு பக்கம்கூட ஆகவில்லை. முன்பே கதைக்குள் பலமுறை வந்து கனம் ஏறிய பொருளாக இருந்தால் மட்டுமே இப்படி ஒரு வரி தாங்கும். இல்லாவிட்டால் கவித்துவமாக ஏதோ முடிக்கப் பார்க்கிறார் என்ற எண்ணம்தான் மிஞ்சும். நல்ல நடை கைவந்தவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அவர்களால் எந்த அத்தியாயத்தையும் இப்படி முடித்துவிட முடியும்.

எந்த வகை என்று முடிவு செய்த பிறகும் தமிழில் எழுதுகிறவருக்குத் தனியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் வாக்கியம் இயல்பாக வினைமுற்றில் முடிகிறது. எனவே அத்தியாயத்தின் கடைசிச் சொல் பத்துக்கு ஒன்பது முறை ஒரு வினை. அந்த வினையோடு எந்தத் துணைவினை ஒட்டுகிறது என்பதில் முடிவின் குணமே மாறிவிடும். உறையை “மறைத்தாள்” என்றால் வெறும் செயல். “மறைத்துவிட்டாள்” என்றால் காரியம் முடிந்தது, கதவு சாத்தியாயிற்று. “மறைத்து வைத்தாள்” என்றால் இது பின்னால் ஒருநாள் வெளியே வரப்போகிறது என்று வாசகரின் காது எடுத்துக்கொள்ளும். மூன்றும் ஒரே சம்பவம்தான். ஆனால் முதலாவது நடுநிலை, இரண்டாவது மூடல், மூன்றாவது வாக்குறுதி. தொடரை நீட்டிக்க வேண்டிய இடத்தில் “விட்டாள்” என்று முடித்து, அதன்பின் மூன்று புள்ளி வைத்து ஆவலைக் கூட்டப் பார்ப்பதை அடிக்கடி பார்க்கிறோம். புள்ளிகள் இழுக்கின்றன, வினை சாத்துகிறது.

யார் வந்தது என்பதை மறைத்து அத்தியாயத்தை முடிக்க விரும்புகிறவருக்கும் தமிழ் ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. “கதவைத் திறந்தான்” என்றதும் ஆண் என்று தெரிந்துவிடும். “திறந்தார்” என்றால் ஆணா பெண்ணா தெரியாது, ஆனால் மரியாதைக்குரியவர் என்று காட்டிக்கொடுக்கும். “ஓர் உருவம் நின்றது” என்பது தேய்ந்துபோன வழி. “கதவு திறந்தது” என்று திறந்தவரையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவது இன்னும் சுத்தம். மறைப்பதற்குப் பதில் பெயரை வெளிப்படுத்தி முடிப்பதாக இருந்தால், அப்போது மட்டும் வழக்கமான வரிசையைப் புரட்டலாம். “அம்மா வாசலில் நின்றிருந்தாள்” என்பதில் அம்மா வாக்கியத்தின் முதலிலேயே செலவாகிவிடுகிறாள். “வாசலில் நின்றிருந்தது அம்மா” என்றால் கடைசிச் சொல் வரை கேள்வி உயிரோடு இருக்கும். நாவலில் ஓரிரு இடத்துக்கு மேல் இப்படிப் புரட்டினால் வித்தை தெரிந்துவிடும்.

எங்கே வெளியாகப்போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். வாரத் தொடராகவோ செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகவோ வருகிற கதையில் வாசகர் இடையில் வேறு பத்துக் கதைகளைப் படித்துவிட்டு வருகிறார். அவருக்கு உறை, பொய், தங்கை ஆகிய மூன்றும் தெளிவாக நினைவில் நிற்கும்படியான முடிவு வேண்டும். நுட்பமான படிமம் அவரிடம் ஏழு நாள் தாங்காது. அதே கதையைப் பின்னால் நூலாக்கும்போது முடிவுகளைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். தொடரில் தேவையாக இருந்த இழுப்பு புத்தகத்தில் அடுத்தடுத்து வரும்போது கூச்சலாகிவிடும், முன்கதையை நினைவூட்டும் தொடக்கப் பத்திகளும் அதோடு சேர்ந்து வெட்டுப்பட வேண்டியவை. பார்வை மாறி மாறி வரும் நாவலில் இன்னொரு அபாயம் உண்டு. அக்காவை உச்சத்தில் விட்டுவிட்டு வேறொருவரின் கதைக்குப் போனால், வாசகர் அந்த வேறொருவரின் மேல் எரிச்சலோடுதான் உள்ளே வருவார். அவருடைய கதை பலவீனமானதாக இருந்தால் பக்கங்களைத் தள்ளிவிட்டு அக்காவைத் தேடிப் போய்விடுவார். அப்படிப்பட்ட இடங்களில் மிதமான முடிவே அடுத்த பாத்திரத்துக்குச் செய்யும் நியாயம்.

வரைவு முடிந்ததும் எல்லா அத்தியாயங்களின் கடைசிப் பத்தியை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். தனித்தனியாகப் படிக்கும்போது தெரியாத ஒன்று அப்போது தெரியும். நாலு அத்தியாயம் தொடர்ந்து வசனத்தில் முடிந்திருக்கும். ஆறு இடத்தில் யாராவது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முடிவும் நன்றாகவே இருந்தாலும் மூன்றாவது ஜன்னலுக்கு மேல் வாசகர் முன்கூட்டியே தயாராகிவிடுவார். இரண்டு முடிவு வகைகளுக்கு நடுவே தடுமாறும்போது, முந்தைய அத்தியாயம் எப்படி முடிந்தது என்று பார்த்து அதிலிருந்து விலகியதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சரியாக வரும். முந்தையது பொய்யில் முடிந்திருந்தால் இது மூடலில் முடியட்டும்.

பிறகு அடுத்த அத்தியாயத்தின் முதல் வரி. அந்தாதி எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒரு பாட்டின் ஈற்றில் வந்ததே அடுத்த பாட்டின் தொடக்கம், ஆனால் அங்கே அதே சொல் வேறு திசையில் புறப்படும். நாவலில் சொல்லையே திரும்ப வைக்க வேண்டியதில்லை. உரசல் இருந்தால் போதும். அக்கா பொய் சொல்லித் துடைக்க ஆரம்பித்த இடத்துக்கு அடுத்து, அன்று மாலை அவள் கடிதத்தைப் பிரிப்பது வந்தால் வாசகர் எதிர்பார்த்தது அப்படியே நடக்கிறது. மறுநாள் காலை தங்கையின் பார்வையில், “இத்தனை வருஷத்துல நீ ஒருத்திதான் எங்கிட்ட எதையும் மறைச்சதில்லக்கா” என்று அவள் சொல்வதில் தொடங்கினால், முந்தின நாள் பொய்யின் எடை இரட்டிப்பாகிறது. முடிவு வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதை வலுவாக்கிய வரி இது.

அதனால் முடிவு சரியாக அமையவில்லை என்று ஒரு இடத்திலேயே நின்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தோன்றுகிற ஒன்றைத் தற்காலிகமாக எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கத்தை எழுதிவிடுங்கள். திரும்பி வந்து இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, இந்தப் பக்கத்துக் கடைசிப் பத்தியும் அந்தப் பக்கத்து முதல் பத்தியும் ஒரே விஷயத்தைச் சொல்வது தெரியவரும். இரண்டில் பலவீனமானதை எடுத்துவிட்டு, மிச்சமிருப்பது தானாக நிற்கிறதா என்று பாருங்கள். எடுக்க வேண்டியது பெரும்பாலும் அத்தியாயத்தை முடித்து வைப்பதற்காகவே எழுதிய அந்தக் கடைசிப் பத்தியாகத்தான் இருக்கும்.